மத்தாப்பு (சொல்)

மத்தாப்பு என்பது, ஓசையுடன் வெடிக்காமல் நின்று எரிந்து ஒளியையும் தீப்பொறியையும் தரும் பட்டாசு வகையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொல் ஆகும். பாரசீக மொழியில் நிலவொளி எனப் பொருள்படும் மஹ்தாப் என்னும் சொல்லே உருது வழியாகத் தமிழுக்கு வந்து மத்தாப்பு ஆயிற்று. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலப் பகுதியில் இப்பொருள் பெருமளவில் செய்யப்படுவதால், அங்கு இது பண்டிகைச் சொல்லாக மட்டுமன்றித் தொழிற்சொல்லாகவும் அன்றாடம் புழங்குகின்றது. இக்கட்டுரை மத்தாப்பு என்னும் சொல்லின் பொருள், பிறப்பு ஆகியவற்றையும், அதனோடு சேர்ந்து வழங்கும் சில சொற்களையும் பற்றியது.

பொருள்

தற்காலத் தமிழில் மத்தாப்பு எனத் தனியே கூறினால் பெரும்பாலும் கம்பி மத்தாப்பையே குறிக்கும். மெல்லிய இரும்புக் கம்பியின் ஒரு பகுதியில் வேதிக்கலவை பூசப்பட்டு, எஞ்சிய பகுதி கையில் பிடிப்பதற்காக வெறுமையாக விடப்பட்டிருக்கும். இதனைத் தவிர, தாளைக் குழலாகச் சுருட்டி மருந்து அடைத்த பென்சில் மத்தாப்பும், தலைப்பகுதி பெரிதாக அமைந்த குச்சிகளைக் கொண்ட தீப்பெட்டி மத்தாப்பும் உள்ளன. தீப்பெட்டி மத்தாப்பின் குச்சியை உரசினால் முதலில் சாதாரணத் தீக்குச்சி போலப் பற்றிப் பின்னர் சிவப்பாகவோ பச்சையாகவோ எரியும். ஓசை இல்லாமை, நின்று எரிதல், கையில் பிடிக்கக்கூடியதாக இருத்தல் ஆகிய மூன்றும் மத்தாப்பு என்னும் சொல்லின் பொருளில் அடங்கியுள்ளன. தரையில் வைத்துக் கொளுத்தப்படும் புஸ்வாணமும் தரைச்சக்கரமும் ஒளியைத் தருவனவே ஆயினும் அவற்றை எவரும் மத்தாப்பு என அழைப்பதில்லை.

சொற்பிறப்பு

பாரசீகத்தில் மாஹ் என்பது நிலவைக் குறிக்கும். தாப் என்பது ஒளிர்தல், சுடர்தல் என்னும் பொருளுடைய வினையடி. இரண்டும் சேர்ந்த மஹ்தாப் நிலவொளியையும் சில இடங்களில் நிலவையே கூடவும் குறிக்கும். ஆக்ராவில் தாஜ் மகாலுக்கு எதிர்க்கரையில், யமுனையின் வடபுறம் அமைந்துள்ள மஹ்தாப் பாக் என்னும் முகலாயர் காலத் தோட்டத்தின் பெயரிலும் இச்சொல் உள்ளது. நிலவொளித் தோட்டம் என்பது அதன் பொருள்.

இச்சொல்லின் இரு பகுதிகளுக்கும் தமிழர் நன்கறிந்த உறவினர் உண்டு. பாரசீகமும் சமற்கிருதமும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பாரசீக மாஹ் என்பதற்கு இணையான சமற்கிருதச் சொல் மாஸ் என்பதாகும். திங்களையும் திங்களின் சுற்றால் அளக்கப்படும் காலத்தையும் அது குறித்தது. தமிழில் வழங்கும் மாதம், மாசம் ஆகியவை அவ்வழி வந்தவை. அவ்வாறே தாப் என்பது சமற்கிருதத் தபம், தாபம் ஆகியவற்றுக்கு இனமானது. அவை வெப்பத்தைக் குறிப்பன. ஆகவே நாட்காட்டியில் உள்ள மாதமும் கையில் எரியும் மத்தாப்பும் தொலைவில் ஒரே வேரைச் சென்றடைகின்றன. தமிழில் திங்கள் என்னும் ஒரே சொல் நிலவுக்கும் மாதத்துக்கும் வழங்குவதையும் இங்கு ஒப்பு நோக்கலாம். நாட்காட்டி அச்சிடுதலும் பட்டாசு செய்தலும் சிவகாசி என்னும் ஒரே ஊரின் தொழில்களாக அமைந்தது தற்செயலே.

உருதுவிலும் இந்தியிலும் மஹ்தாபி என்பது ஒருவகை வாணவேடிக்கைப் பொருளின் பெயராக வழங்கியது. தெலுங்கில் மதாபு என்றும் மலையாளத்தில் மத்தாப்பு என்றும் இது வழங்குகின்றது.

தமிழில் இச்சொல் அடைந்த ஒலிமாற்றம் கவனிக்கத்தக்கது. அரபு, பாரசீக மொழிகளிலிருந்து வந்த சொற்களில் மெய்யெழுத்துக்கு முன் நிற்கும் ஹகர ஒலியைத் தமிழ் ஒரே முறையில் ஏற்கவில்லை. மஹ்சூல் என்பது மகசூல் ஆனபோது ஹகரம் ககரமாயிற்று. தஹ்சீல்தார் என்பது தாசில்தார் ஆனபோது ஹகரம் மறைந்து முன்னின்ற உயிர் நீண்டது. மஹ்தாப் என்பதில் ஹகரம் அடுத்து வரும் தகரத்தோடு ஒன்றி, தகரம் இரட்டித்தது. ஈற்றில் நின்ற மெல்லோசைப் பகரம் வல்லோசை பெற்று இரட்டித்து உகரம் ஏற்றது. ஆங்கிலத்திலிருந்து வந்த கிராப்பு என்னும் சொல்லின் ஈறும் இவ்வாறே அமைந்துள்ளது. இத்தனை மாற்றங்களுக்குப் பின் மத்தாப்பு என்பதைப் பார்ப்பவருக்கு அது தொன்றுதொட்டு வந்த தமிழ்ச்சொல் போலவே தோன்றும். மத்து, ஆப்பு என்று பிரித்துப் பொருள் காண முயல்வது வேடிக்கையான முயற்சியாகவே முடியும்.

நிலவொளி எனப் பெயர் பெற்றமை

இன்று கடையில் கிடைக்கும் சிவப்பு, பச்சை மத்தாப்புகளைப் பார்ப்பவருக்கு நிலவொளி என்னும் பெயர் பொருந்தாததாகத் தோன்றலாம். பெயர் தோன்றிய காலத்தில் வண்ண மத்தாப்புகள் இல்லை என்பதே இதற்கு விடை. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்ட பழைய கலவைகள் மஞ்சள் கலந்த ஒளியையே தந்தன. வெடியுப்பு, கந்தகம் ஆகியவற்றோடு ஆன்டிமனி அல்லது ஆர்செனிக் சேர்ந்த தாதுப்பொடியைக் கலந்தபோது நீலம் தோய்ந்த வெண்ணிற ஒளி கிடைத்தது. அக்காலத்தில் மனிதரால் உண்டாக்க இயன்ற ஒளிகளுள் நிலவின் ஒளிக்கு மிக நெருங்கியது இதுவே எனலாம். 1780-களின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டறிந்த பின்னரே, 19-ஆம் நூற்றாண்டில், செறிந்த வண்ணங்களுடன் எரியும் கலவைகள் உருவாயின.

நிலவோடு ஒப்பிட்டுப் பெயரிட்டது பாரசீகத்தார் மட்டுமல்லர். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒடிசாவை ஆண்ட கசபதி மன்னர் பிரதாபருத்திரதேவர் பெயரில் வழங்கும் கௌதுகசிந்தாமணி என்னும் சமற்கிருத நூல் வாணவேடிக்கைப் பொருள்களைச் செய்யும் முறைகளைக் கூறுகின்றது. அதில் சந்திரஜோதி என்னும் பெயர் காணப்படுகின்றது. இந்நூலின் செய்திகளை, இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை ஆய்ந்த பி. கே. கோடே 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியிட்ட தம் ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். அவருடைய ஆய்வின் தலைப்பு 1400 முதல் 1900 வரையான காலப்பகுதியைக் குறிக்கின்றது. 1443-இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கு நடந்த மகாநவமி விழாவில் வாணவேடிக்கை கண்டதாகப் பதிவு செய்துள்ளார்.

ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு வங்காள விளக்கு எனப் பொருள்படும் பெயர் வழங்கிற்று. கலவையின் முதன்மைப் பொருளான வெடியுப்பு வங்காளத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் பெருமளவில் சென்றமையால் இப்பெயர் ஏற்பட்டிருக்கக்கூடும் எனக் கருதப்படுகின்றது. ஒரே பொருளுக்குப் பாரசீகத்தார் அதன் ஒளியைக் கொண்டும் ஆங்கிலேயர் அதன் சரக்கு வந்த நாட்டைக் கொண்டும் பெயரிட்டனர்.

தீபாவளி, ஐப்பசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியை ஒட்டி வருவது. அடுத்த நாள் அமாவாசை. எனவே மத்தாப்பு மிகுதியாகக் கொளுத்தப்படும் இரவு நிலவு ஏறத்தாழ இல்லாத இரவாகும்.

நிலவொளியும் தெறிப்பும்

நிலவு தானே ஒளிர்வதில்லை. அதன் மேல் விழும் கதிரவன் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டையே அது திருப்பி அனுப்புகின்றது. இவ்வாறு ஒளி ஒரு பரப்பில் பட்டுத் திரும்புவதை ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்சன் என்பர். இது பின்னோக்கி வளைத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, இடைக்காலப் பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். மனம் தன்னையே திரும்பி நோக்கி எண்ணுதல் என்னும் பொருளும் பின்னர் அதற்கு ஏற்பட்டது. தமிழில் ஒரே சொல் இவ்விரு பொருளையும் தாங்குவதில்லை. ஒளி திரும்புதலுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எதிரொளிப்பு என்றும் இலங்கைப் பாடநூல்கள் தெறிப்பு என்றும் கூறுகின்றன. எண்ணிப் பார்த்தலுக்குச் சிந்தனை, மீள்நோக்கு முதலிய வேறு சொற்கள் உள்ளன. பிரதிபலிப்பு என்பது பொது வழக்கில் உள்ளது. ஒரு கருத்துக்கோ நிகழ்வுக்கோ எழும் எதிர்வினையையும் அது குறிப்பதுண்டு.

இச்சொற்களுள் இரண்டு, பட்டாசின் உலகத்துக்கு அருகில் நிற்கின்றன. பிரதிபலிப்பு என்பதன் வேரான பல் என்னும் சமற்கிருத வினைக்குப் பிளத்தல், வெடித்தல் என்பதும், பட்டுத் திரும்புதல் என்பதும் பொருள்களாகும். காய் முற்றி வெடிப்பதோடு தொடர்புடைய பலன் என்னும் சொல்லும் இவ்வேரைச் சார்ந்ததே. தெறி என்பது தமிழ்ச்சொல். நீர்த்துளி தெறித்தல், நரம்பைத் தெறித்தல், பொறி தெறித்தல் என அது பலவாறாக வழங்கும். யாழ்ப்பாணத்து மாணவர் ஆடியில் ஒளி திரும்புவதைக் குறிக்கும் அதே சொல்லால், சிவகாசியில் கம்பி மத்தாப்பிலிருந்து பொறி சிதறுவதைக் குறிப்பர். இரண்டிலும் ஒன்று மோதலாலோ விசையாலோ விலகிச் செல்லுதல் என்னும் அடிப்படைக் கருத்து உள்ளது.

பெயரளவில் நிலவொளி ஆயினும், மத்தாப்பின் ஒளி திரும்பிய ஒளி அன்று. எரிவதால் பிறந்த ஒளி. கம்பியில் பூசப்பட்ட கலவையில் உயிர்வளியைத் தரும் நைட்ரேட்டு உப்பு, அலுமினியப் பொடி, இரும்புத் துகள், இவற்றைக் கம்பியோடு ஒட்டவைக்கும் பசை ஆகியவை உள்ளன. பற்றவைத்ததும் நைட்ரேட்டு சிதைந்து உயிர்வளியை வெளியிட, அலுமினியம் வெள்ளொளியுடன் எரிகின்றது. சூடேறிய இரும்புத் துகள்கள் வெளியே எறியப்பட்டுக் காற்றில் எரிகின்றன. அத்துகளில் உள்ள கரிமம் எரிந்து வளியாக மாறும்போது துகள் உடைவதால்தான் ஒரு பொறி பலவாகக் கிளைத்துப் பூவைப் போலத் தோன்றுகின்றது. மலையாளத்தில் இதனைப் பூத்திரி என்பது இதனால் பொருத்தமாகவே உள்ளது. துகள்கள் மிகச் சிறியவை ஆதலால் கையில் பட்டாலும் பொதுவாகச் சுடுவதில்லை. ஆனால் எரியும் கம்பியின் வெப்பம் ஆயிரம் பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. எரிந்து முடிந்த கம்பியை மிதித்துக் காலைச் சுட்டுக்கொள்வது தீபாவளிக் காலத்தில் வழக்கமான காயங்களுள் ஒன்று. நிலவொளி குளிர்ந்தது என்பது கவிஞர் மரபு. சொல்லின் பின்பாதியான தாப் என்பதில் வெப்பமும் உறைந்திருப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

சிவகாசியில் மத்தாப்பு

சிவகாசியைச் சேர்ந்த பி. ஐயநாடார், ஏ. சண்முகநாடார் ஆகிய இருவரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். இவ்விருவரின் நிறுவனங்களும் பின்னாளில் முறையே அணில், காக்கை ஆகிய வணிகச் சின்னங்களால் அறியப்பட்டன. மழை குறைந்து வெயில் மிகுந்த இவ்வட்டாரத்தில் வேளாண்மை நிலையற்றதாக இருந்தமையால் வேலை தேடுவோர் பலர் இருந்தனர். குச்சியையும் மருந்தையும் உலர்த்துவதற்கு வறண்ட காற்றும் உதவிற்று.

பட்டாசுத் தொழில் இத்தீப்பெட்டித் தொழிலிலிருந்து கிளைத்ததேயாகும். சாதாரணத் தீக்குச்சியின் தலையில் வண்ணக் கலவை தோய்த்த மத்தாப்புத் தீக்குச்சியே இரண்டுக்கும் நடுவில் நின்ற படி. அதன்பின் கம்பி மத்தாப்பும் பிறவும் வந்தன. 1940-இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்தபின் உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. ஆகவே சிவகாசியில் வெடிக்கு முன்பே மத்தாப்பு பிறந்துவிட்டது எனக் கூறலாம். அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த சிவகாசி, 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காமராசர் மாவட்டத்தில் சேர்ந்தது. அதுவே பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது.

கம்பி மத்தாப்பு செய்யும் முறை தீக்குச்சி செய்யும் முறையோடு நெருங்கிய ஒற்றுமை உடையது. அளவாக வெட்டி நேராக்கிய கம்பிகள் சட்டத்தில் வரிசையாகச் செருகப்படும். சட்டத்தைக் கவிழ்த்துக் குழம்பு நிலையில் உள்ள மருந்தில் தோய்த்து எடுத்து உலரவைப்பர். பூச்சு வேண்டிய பருமன் அடையும்வரை இது மீண்டும் செய்யப்படும். விற்பனையில் மத்தாப்பு அதன் நீளத்தாலேயே பெயர் பெறுகின்றது. 7, 10, 12, 15, 30 சென்டிமீட்டர் எனவும், ஒவ்வொன்றிலும் எலக்ட்ரிக், கலர், கிரீன் எனவும் விலைப்பட்டியலில் பிரித்திருப்பர். இங்கு எலக்ட்ரிக் என்பதற்கு மின்சாரத்தோடு தொடர்பில்லை. வெள்ளிநிறப் பொறி தருவது என்பதே பொருள்.

இவ்வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலையையும் பட்டாசு ஆலையையும் ஆபீஸ் என்றே மக்கள் கூறுவர். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார், பட்டாசு ஆபீசுக்குப் போகிறார் என்றால் அவர் எழுத்து வேலை செய்பவர் என வெளியூரார் எண்ணிவிடக்கூடும்.

உடன் வழங்கும் சொற்கள்

பட்டாசு என்பது ஒலிக்குறிப்பிலிருந்து எழுந்த சொற்கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தியில் பட்டாக்கா, கன்னடத்தில் பட்டாக்கி, மலையாளத்தில் படக்கம், தெலுங்கில் டபாக்காய ஆகியவை அனைத்தும் பட், டப் என்னும் ஓசையைப் போன்று ஒலிப்பவை. பிஜிலி வெடி என்பதில் உள்ள பிஜிலி இந்தியில் மின்னலைக் குறிக்கும். ஆயிரம் வாலா என்பதில் உள்ள வாலா, உடையது என்னும் பொருள்தரும் இந்தி ஈறு. வாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலங்கையில் வழங்கும் சீனவெடி என்னும் பெயர் பொருள் வந்த நாட்டைக் கூறுகின்றது.

வெடி என்பது திராவிடச் சொல். பிளத்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஓசை பின்னர் சேர்ந்தது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும். பருத்திக்காய் முற்றினால் வெடிக்கும். வெடித்த பருத்தியை எடுப்பதே அறுவடை. விருதுநகர் பருத்தி வணிகத்தால் வளர்ந்த ஊர். அங்கு ஓசையே இல்லாத இவ்வெடிப்புகள் பட்டாசுக்கு முன்பே வாழ்வை நிர்ணயித்து வந்தன. செய்தித்தாள்களில் இன்று வெடி என்னும் சொல் மிகுதியாக வருவது வெடிவிபத்து என்னும் கூட்டுச்சொல்லில்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நேர்ந்ததும் பெரிய விபத்தே. இச்செய்திகளில் உராய்வு என்னும் சொல்லும் தவறாமல் இடம்பெறும். இயற்பியல் பாடத்தில் எளிதாகக் கடந்து செல்லும் அச்சொல்லின் பொருளை இவ்வட்டாரத்தார் வேறு வகையில் அறிவர்.

வாணம் என்பது அம்பு எனப் பொருள்படும் பாணம் என்னும் சமற்கிருதச் சொல்லின் தமிழ் வடிவம். சீறிப் பாயும் எறிபடையை அம்பெனக் கருதி அப்பெயரால் அழைத்தனர். 18-ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையினர் ஆங்கிலேயருக்கு எதிராகப் பயன்படுத்திய இரும்புக்குழல் எறிபடைகளும் பாண் என்றே அழைக்கப்பட்டன. ஆகாசவாணம், புஸ்வாணம், வாணவேடிக்கை ஆகியவற்றில் இருப்பது இச்சொல்லே. பலர் இதனை வானவேடிக்கை என எழுதுகின்றனர். வானத்தில் நிகழ்வது ஆதலால் அவ்வாறு எழுதுவது இயல்பாகத் தோன்றுகின்றது. ணகர னகர வேறுபாடு பேச்சில் மங்கியதும் ஒரு காரணம். சொற்பிறப்பின்படி வாணவேடிக்கையே முந்தியது. எனினும் வானவேடிக்கை என்பதும் இன்று பரவலாக ஊன்றிவிட்டமையால் அதனைப் பிழை என முற்றிலும் ஒதுக்குவது கடினம். தரையை விட்டு நகராத புஸ்வாணத்தை எவரும் புஸ்வானம் எனக் கூறி வானத்தோடு இணைக்கத் தேவையில்லை என்பது மட்டும் உறுதி.

மருந்து என்னும் சொல் தனிக் கவனத்துக்குரியது. நோய் தீர்ப்பதும் மருந்து. பட்டாசில் அடைக்கப்படும் கலவையும் மருந்து. கருமருந்து, வெடிமருந்து, மணிமருந்து எனப் பட்டாசு ஆலைகளில் இச்சொல் பல வடிவில் வழங்குகின்றது. மணிமருந்து என்பது வானில் சென்று வண்ணப் பொறிகளாகச் சிதறும் பட்டாசுகளுக்கான சிறு உருண்டை. இப்பொருள் விரிவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. வெடிமருந்தைக் கண்டறிந்த சீனர் அதற்கு இட்ட பெயரான ஹுவோயாவ் என்பது தீ மருந்து எனவே பொருள்படும். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த தாரு என்னும் சொல்லும் மருந்து, வெடிமருந்து ஆகிய இரண்டையும் குறித்தது, மதுவையும் குறித்தது. சீன இரசவாதிகள் நீண்ட ஆயுளைத் தரும் மருந்தைத் தேடியபோதே இக்கலவையைக் கண்டறிந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. கந்தகமும் வெடியுப்பும் தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் சரக்குகளாக உள்ளன. ஆகவே சரக்கு, மருந்து, இடித்தல், பொடித்தல், சலித்தல் எனப் பட்டாசுத் தொழிலின் சொற்களிற் பல மருத்துவன் வீட்டிலும் ஒலிக்கக்கூடியவையே.

பச்சை, பசுமை

மத்தாப்பின் வண்ணங்கள் உலோக உப்புகளால் அமைகின்றன. இசுட்ரான்சியம் சிவப்பையும், சோடியம் மஞ்சளையும், செம்பு நீலத்தையும், பேரியம் பச்சையையும் தருகின்றன. பேரியம் நைட்ரேட்டு வண்ணத்துக்காக மட்டுமன்றி உயிர்வளி தரும் பொருளாகவும் பயன்பட்டதால் வெள்ளை மத்தாப்பிலும் இடம்பெற்றது.

தில்லிப் பகுதியின் காற்று மாசு குறித்து மூன்று சிறு குழந்தைகளின் பெயரில் 2015-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. மாசு குறைந்த பட்டாசுகளையே செய்யலாம், பேரிய உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது, சரமாக இணைத்த பட்டாசுகளைச் செய்யவோ விற்கவோ கூடாது என அது கூறியது. சரத்தைக் குறிக்கத் தீர்ப்பில் இந்தியில் வழங்கும் லடி என்னும் சொல் எடுத்தாளப்பட்டிருந்தது. சிவகாசியின் சரவெடி இவ்வாறு வேறொரு பெயரில் தடை பெற்றது. தீர்ப்பை அடுத்து 2018 நவம்பரில் சிவகாசி ஆலைகள் மூடப்பட்டுச் சில மாதங்கள் வேலையின்றி இருந்தன. மேம்படுத்திய முறையில் பேரியத்தைப் பயன்படுத்தவும் சரவெடி செய்யவும் ஒப்புதல் கோரிய உற்பத்தியாளரின் மனுவை 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

தீர்ப்பில் வந்த கிரீன் என்னும் ஆங்கில அடைமொழியைத் தமிழ் இதழ்கள் பசுமை என மொழிபெயர்த்தன. பசுமைப் பட்டாசு என்னும் சொல் இவ்வாறு பிறந்தது. இதனால் சிவகாசியில் இரண்டு கிரீன்கள் உண்டாயின. விலைப்பட்டியலில் நெடுங்காலமாக இருந்த கிரீன் மத்தாப்பு பச்சை நிறத்தில் எரிவது. அதற்குப் பேரியம் வேண்டும். நீதிமன்றம் கூறிய கிரீன் சுற்றுச்சூழலைச் சார்ந்தது. அதில் பேரியம் இருத்தல் ஆகாது. ஆக, முதற்பொருளில் பச்சையாக இருப்பது இரண்டாம் பொருளில் பச்சையாக இருக்க இயலாது. தமிழில் பச்சை, பசுமை என்னும் இருவடிவம் இருப்பதால் எழுத்து வழக்கில் இக்குழப்பம் ஓரளவு தவிர்க்கப்பட்டது. பச்சை நிறத்தைக் குறிக்கவும் பசுமை பிறவற்றைக் குறிக்கவும் இதழ்கள் பழகிவிட்டன. கடைக்கு வந்து கிரீன் மத்தாப்பு கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதை விற்பவர் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

இப்புதிய கலவைகளை உருவாக்கிய தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அவற்றுக்கு சுவாஸ், சபல், ஸ்டார் எனப் பெயரிட்டது. இவை ஆங்கிலத் தொடர்களின் சுருக்கங்களே ஆயினும், சுவாஸ் மூச்சையும் சபல் வெற்றியையும் குறிக்கும் இந்திச் சொற்களாக ஒலிக்குமாறு அமைக்கப்பட்டவை. தமிழில் சபலம் என்பது மன உறுதியின்மையைக் குறிப்பதால் இரண்டாவது பெயர் சிவகாசியில் அத்துணை நற்பொருள் தருவதாக அமையவில்லை.

பேச்சிலும் எழுத்திலும்

மத்தாப்பு உவமையாக வரும்போது பெரும்பாலும் சிரிப்பைக் குறிக்கின்றது. மத்தாப்புச் சிரிப்பு, மத்தாப்பாய்ச் சிரித்தாள் ஆகியவை கதைகளில் பரவலாகக் காணப்படும் தொடர்கள். ஓசையின்றித் திடீரென மலர்ந்து முகத்தை ஒளியூட்டுவது என்பதே இங்கு கருத்து. ஓசையுடன் கூடிய சிரிப்புக்கு மத்தாப்பு பயன்படுவதில்லை. அதற்கு வெடிச்சிரிப்பு என்னும் தனிச்சொல் உண்டு. இவ்வாறு பட்டாசுகளின் இயல்பு வேறுபாடு உவமைகளிலும் வழுவாமல் பேணப்படுகின்றது. இடைவிடாது பேசுபவர் சரவெடியாகப் பேசுவார். பெரிதாகத் தொடங்கிப் பயனின்றி அடங்கியது புஸ்வாணமாகிவிடும். பேசாமல் இருந்தவரிடையே பூசலை மூட்டுபவர் கொளுத்திப் போடுவார். காலங்கடந்த நகைச்சுவை நமத்துப்போன பட்டாசு ஆகும்.

இத்தொடர்கள் தமிழ்நாடு முழுவதும் வழங்குபவை. இவற்றுள் கடைசியானதை மட்டும் சிவகாசியில் உவமையாகக் கூறுவது அரிது. அங்கு மருந்து நமத்துப்போவது மழைக்காலத்தில் வேலையும் கூலியும் நின்றுபோவதைக் குறிக்கும் நேர்ப்பொருளிலேயே வழங்குகின்றது.